உடல் எடை குறைய உணவில் மாவுச்சத்தைக் குறைத்தல்: சேர்வராயன் மலை உழவர்களுக்குச் சில யோசனைகள்

சேலம் மாவட்டத்தில் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடும், அதைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களும் காப்பிக்கும் மிளகுக்கும் பெயர் பெற்றவை. காப்பித் தோட்டத்தில் ஊடே நிற்கும் மரங்களுள் வெண்ணெய்ப் பழ மரமும் ஒன்று. பட்டர் புரூட் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். பருவத்தில் இப்பழம் பெட்டி பெட்டியாக மலையிறங்கிச் சேலத்திற்கும் பிற நகரங்களுக்கும் போகிறது. அங்கே அதை விலை கொடுத்து வாங்குவோரில் பலர் உடல் எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள். சோற்றைக் குறைத்துக்கொண்டு இப்பழத்தையும் முட்டையையும் காய்கறிகளையும் உண்பவர்கள்.

பழத்தை விளைவித்தவர் வீட்டில் நிலைமை வேறு. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவிலும் சோறு, இடையே நான்கைந்து முறை சர்க்கரை போட்ட தேநீர், சந்தைக்குப் போனால் இரண்டு போண்டா. பழம் விற்ற காசில் போண்டா வாங்கித் தின்கிறோம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். தாத்தா காலத்தில் மூட்டையைத் தலையில் வைத்து ஏறிய பாதையில் இன்று ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் போகின்றன. உழைப்பு குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தோட்டத்தின் மேல் பாத்திக்கு ஏறும்போது மூச்சு வாங்குவதும், முழங்கால் நோவதும், மருத்துவமனைக்குப் போனால் 'சர்க்கரை இருக்கிறது' என்று சொல்லக் கேட்பதும் இதன் விளைவுகளே.

இது ஏதோ ஒருவர் இருவர் கதையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பத்துக்கு நான்கு பேர் எடை மிகுந்தவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக அவ்வாய்வு காட்டியது.

உங்களுக்கு இது தேவையா?

முதலில் ஒரு கயிற்றை எடுத்து உங்கள் உயரத்திற்கு அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடித்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டால் கவலையில்லை. தொடாவிட்டால் வயிற்றில் வேண்டாத கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். நாடா இருந்தால் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற இடுப்பளவை எல்லையாகக் கொள்ளலாம். நம் நாட்டவருக்குக் கையும் காலும் மெலிந்திருந்தாலும் வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது வழக்கம். ஆகவே, 'நான் ஒல்லிதானே' என்று கயிற்றுச் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

மலையில் மெலிந்தவர்களும் இரத்தச் சோகை உள்ளவர்களும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும், கருவுற்ற தாய்மார்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இக்கட்டுரையில் சொல்லும் குறைப்பு பொருந்தாது. அப்பனுக்குத் தொந்தி என்பதற்காகப் பிள்ளையின் தட்டில் சோற்றைக் குறைக்கக் கூடாது.

மாவுச்சத்து செய்யும் வேலை

அரிசி, கோதுமை, கேழ்வரகு, மரவள்ளி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, வெல்லம் ஆகிய எல்லாவற்றிலும் மிகுந்திருப்பது மாவுச்சத்தும் சர்க்கரையுமே. இவை குடலில் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்திலுள்ள குளுக்கோசை உடலின் திசுக்களுக்குள் சேர்க்கும் வேலையை இன்சுலின் என்னும் சுரப்புநீர் செய்கிறது. உழைப்பவர் உடலில் அது எரிந்துபோகிறது. எரிந்தது போக ஒரு பகுதி ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படுகிறது. அந்தக் களஞ்சியம் சிறியது. அது நிறைந்த பிறகும் தேவைக்கு மேல் உண்டுகொண்டே இருந்தால், மிச்சம் கொழுப்பாகத்தான் சேரும்.

நெல்லுக்குத் தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பயிர் கருகருவென்று கொழுத்து நிற்கும், பிறகு சாய்ந்துவிடும், பூச்சியும் நோயும் தேடி வரும். தழைச்சத்து கெட்ட பொருளன்று, அளவுதான் கெடுத்தது. மாவுச்சத்தின் கதையும் இதுவே. தழைச்சத்தை மட்டும் கொட்டிச் சாம்பல் சத்தை மறந்த வயலைப் போல, நம் தட்டில் மாவுச்சத்து குவிந்து புரதச்சத்து குறைந்து கிடக்கிறது.

சாமைக்கு மாறினால் போதுமா?

2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, மலைக்குக் கூட்டத்திற்கு வரும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. சேர்வராயன் மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் மலையாளி மக்களின் பழைய உணவு. 'அதை விட்டு அரிசிக்கு வந்ததால்தான் இந்த நோயெல்லாம். திரும்பவும் சாமைச் சோறு உண்டால் எடை குறைந்துவிடும்' என்று பெரியவர்கள் பலர் நம்புகிறார்கள். சிறுதானியம் பரப்புவது எங்கள் பணிகளுள் ஒன்று. இருந்தாலும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

நூறு கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நூறு கிராம் சாமையில் ஏறத்தாழ 65 கிராம், கேழ்வரகில் 67 கிராம். வேறுபாடு இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இல்லை. சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம், பசி சற்றுத் தாமதமாக வரும். இவை நல்ல குணங்கள்தாம். ஆனால் ஒரு தட்டு அரிசிச் சோற்றுக்குப் பதிலாக ஒன்றரைத் தட்டு சாமைச் சோறு உண்டால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். களி உருண்டையிலும் அப்படியே. ஒரு பெரிய உருண்டைக்குள் நூறு கிராமுக்கு மேல் மாவு அடங்கிவிடும். அது தொண்டையில் இறங்குவதோ நான்கு வாயில்.

முன்பு சொன்ன அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் தம் உணவுச் சக்தியில் சராசரியாக நூற்றுக்கு 62 பங்கை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று அது கூறுகிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொள்வதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் கூறுகிறது. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயறு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்துப் பார்த்தபோதுதான் அபாயம் குறைந்தது. சாமை விதையுங்கள், உண்ணுங்கள். அரிசியின் இடத்தில் அரிசியைவிடக் குறைவான அளவில் உண்ணுங்கள்.

ரேஷன் அரிசியின் மீது பழி போடுவோரும் உண்டு. 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டிற்கு மாதம் 20 கிலோ என்றால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 167 கிராம்தான் வருகிறது. இது மிகையான அளவே அன்று. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அரை வயிற்றோடு கிடந்த நாட்களை முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பசியைப் போக்கிய அரிசியை ஏசுவதற்கில்லை. மிகை வருவது அதற்கு மேல் கடையில் வாங்கும் பொன்னியிலும், மைதாவிலும், ரவையிலும், சர்க்கரையிலும், தின்பண்டத்திலும்தான்.

ஒரு நாள் கணக்கு

தோட்டக் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். 200 மில்லி டம்ளரில் தலைவழித்து அளந்த அரிசி ஏறத்தாழ 165 கிராம் இருக்கும். காலையில் நான்கு இட்லி, மதியம் ஒரு டம்ளர் அரிசிச் சோறு, இரவு முக்கால் டம்ளர் என்று உண்பவருக்கு அரிசி மட்டும் ஒரு நாளைக்கு 370 கிராம் வரை ஆகிறது. அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 290 கிராம். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் ஐந்து தேநீரில் சர்க்கரை 50 கிராம். போண்டா, பிஸ்கட்டில் இன்னும் 40 கிராம். ஆக 380 கிராம். கிராமுக்கு நான்கு கலோரி வீதம் 1,500 கலோரிக்கு மேல் இவற்றிலேயே வந்துவிட்டது.

ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2,000 கலோரி போதுமானவருக்கு எல்லாத் தானியமும் சேர்ந்து 250 கிராம் போதும் என்கிறது. அதனுடன் பயறு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இந்தப் பட்டியலில் தானியத்தைத் தவிர மற்ற எதையும் நாம் சொன்ன அளவுக்கு உண்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

எடை குறைய வேண்டியவர் தானியத்தை 180 கிராம் வரை இறக்கலாம். காலையில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும். மதியம் அரை டம்ளர் அரிசிச் சோறு, அதைப்போல இரண்டு மடங்கு காய், ஒரு கிண்ணம் பயறு அல்லது மொச்சை. இரவு அதைவிடச் சிறிதளவு சோறு அல்லது இரண்டு சிறிய தோசை, மீண்டும் கீரையோ காயோ, இன்னொரு முட்டை. நடுவில் பசித்தால் அரைப் பட்டர் புரூட். தேநீர் இரண்டு வேளை, அரைச் சர்க்கரை. இப்படி உண்டால் மாவுச்சத்து எல்லாம் சேர்ந்து 220 கிராம் அளவில் நின்றுவிடும். மாதம் ஒரு கிலோ வரை எடை குறையும். காப்பிப் பழம் நிறுக்கும் தராசு இருந்தால் வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் ஏறிப் பாருங்கள். நாள்தோறும் ஏறிப் பார்ப்பது மனத்தைக் குழப்பும்.

முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ சட்டென்று இறங்கினால் பெருமைப்பட வேண்டாம். ஈரலிலும் தசையிலும் சேமித்த மாவுச்சத்து தன் எடையைப்போல மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்த நீர்தான் முதலில் போகிறது. கொழுப்பு அதன் பிறகு மெதுவாகவே கரையும். நீர் போகும் நாட்களில் தலை லேசாகச் சுற்றலாம். இரத்த அழுத்தம் இல்லாதவர்கள் உப்பிட்ட மோர் அருந்தினால் சரியாகும்.

தோட்டத்தில் இருப்பதைத் தட்டுக்குக் கொண்டுவருதல்

வெண்ணெய்ப் பழத்தின் நூறு கிராம் சதையில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பும், எட்டு ஒன்பது கிராம் மாவுச்சத்தும் உண்டு. அந்த எட்டிலும் பெரும்பகுதி நார்தான். கொழுப்பு என்றதும் அஞ்ச வேண்டாம். நிலக்கடலை எண்ணெயில் மிகுந்துள்ள வகைக் கொழுப்பே இதிலும் மிகுந்துள்ளது. ஆனால் நூறு கிராமுக்கு 160 கலோரி இருப்பதால் நாளைக்கு அரைப் பழம் போதும். இப்பழம் மரத்தில் பழுப்பதில்லை. பறித்து வைத்தால் சில நாட்களில் மெத்தென்று ஆகும். தோலில் வடு விழுந்தது, அளவு சிறுத்தது என்று வியாபாரி ஒதுக்கும் காய்களை மாட்டுக்கும் பன்றிக்கும் தள்ளாமல் வீட்டிற்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சதையைப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு, உங்கள் தோட்டத்து மிளகின் தூள் சேர்த்தால் துவையல் போல இருக்கும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். பாலும் சர்க்கரையும் ஊற்றி அடிக்கும் ஜூஸ் எடை கூட்டவே உதவும்.

வேலியோரம் அவரையும் மொச்சையும், பந்தலில் சௌசௌ, பாத்தியில் பீன்ஸ், கீரை. இவற்றுக்கு மலையின் குளிர்ச்சி ஏற்றது. சௌசௌவிலும் பீன்சிலும் நூறு கிராமுக்கு மாவுச்சத்து ஐந்து கிராம் அளவுதான். தட்டில் பாதியை இவற்றால் நிரப்பினால் வயிறும் நிறையும். உலர்ந்த மொச்சையிலும் கொள்ளிலும் மாவுச்சத்து 60 கிராமை ஒட்டி இருக்கிறது. ஆனால் புரதம் 22 முதல் 25 கிராம் இருப்பதால் அவற்றைச் சோற்றுக்குப் பதிலாக உண்ண வேண்டும், சோற்றோடு கூடுதலாக அல்ல. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழி இருக்கிறது. கொள்ளு கொழுப்பை உருக்குவதில்லை. அது சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பசியை அடக்குகிறது, அவ்வளவே.

வீட்டுக்கு ஆறு கோழி இருந்தால் முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பலாப் பிஞ்சுப் பொரியல் நல்லது. பழுத்த பலாவில் நூறு கிராம் சுளைக்கு இருபது கிராம் சர்க்கரை வகைச் சத்து இருக்கிறது. மூன்று சுளையோடு கையைக் கழுவிவிட முடிந்தால் உண்ணுங்கள், முடியாதென்றால் பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆரஞ்சு நாளைக்கு ஒன்று, பிழியாமல் சுளையாக. மலைத்தேனும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் உடலுக்குள் போனபின் சர்க்கரைதான். கீழே ஆத்தூர்ப் பக்கம் விளையும் மரவள்ளியும், அதிலிருந்து வரும் ஜவ்வரிசியும் முழுக்க மாவு. ஜவ்வரிசிக் கஞ்சியை நோயாளிக்கு உகந்தது என்று நீரிழிவு உள்ளவருக்கே கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறோம்.

காப்பி விளையும் ஊரில் காப்பியைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாகாது. பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பியில் கலோரி என்று சொல்ல ஏதுமில்லை. உங்கள் தோட்டத்துக் கொட்டையை வறுத்து இடித்துப் பத்து நாள் அப்படிக் குடித்துப் பாருங்கள். முதல் மூன்று நாள் கசக்கும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். எல்லோரும் உண்ட பிறகு, மீந்த சோற்றை வீணாக்கக் கூடாதென்று உங்கள் தட்டில் போட்டுக்கொள்கிறீர்கள். காயும் முட்டையும் அதற்குள் தீர்ந்திருக்கும். உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள். மீந்ததைக் கோழிக்குப் போட்டால் அது முட்டையாகத் திரும்பி வரும்.

அடியோடு நிறுத்துவது பற்றி

சோற்றை அடியோடு விட்டவர்களும் உண்டு. இம்முறை புதிதல்ல. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் தம் மருத்துவர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கி ஏறத்தாழ 21 கிலோ குறைத்து, அந்த அனுபவத்தை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். அவர் ஒயின் அருந்துவதை விடவில்லை. அந்தப் பகுதியை மட்டும் யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்சின் நூல் வந்தது. 2010களின் நடுவில் தமிழ்நாட்டில் 'பேலியோ' என்ற பெயரில் இம்முறை பரவியது. தானியம் கிடையாது, பயறும் கிடையாது, இறைச்சியும் முட்டையும் பாதாமும் பட்டர் புரூட்டும் உணவு. பலருக்கு எடை குறைந்தது உண்மை. ஆனால் பாதாம் நம் மலையில் காய்ப்பதில்லை, நாள்தோறும் கறி வாங்கச் சிறு விவசாயிக்குக் கட்டுபடியாவதுமில்லை. ஆறு மாதம் கழித்துப் பழைய தட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பிவிடும்.

2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மாவுச்சத்தையும் மற்றவர்களுக்குக் கொழுப்பையும் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் முதல் பிரிவினர் சராசரியாக 6 கிலோவும் மற்றவர்கள் 5.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். பெரிய வேறுபாடில்லை. அப்படியானால் நாம் ஏன் மாவுச்சத்தைப் பிடித்துக்கொள்கிறோம்? நம் தட்டில் மிகையாக இருப்பது அதுதான் என்பதால். நம் நாட்டு ஆய்வாளர்கள் 2022இல் கணக்கிட்டபடி, புதிதாக நீரிழிவு கண்டவர்களுக்கு நோய் அடங்க, மாவுச்சத்து உணவுச் சக்தியில் நூற்றுக்கு 49 முதல் 54 பங்கு வரை இறங்கினாலே பலன் இருக்கும். மேலே சொன்ன 180 கிராம் தானியக் கணக்கு ஏறத்தாழ அந்த அளவில்தான் வருகிறது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் நாள் முழுதும் சரிவில் நிற்பவர்கள் அரைக் கைப்பிடி அரிசியைக் கூட்டிக்கொள்ளலாம்.

மருந்து உண்பவர்கள் கவனிக்க

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் தாமாகச் சோற்றைக் குறைக்கக் கூடாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் உணவின் அளவைப் பார்த்துக் கொடுக்கப்பட்டவை. உணவு பாதியாகி மருந்து முழுதாக இருந்தால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு, ஆளில்லாத தோட்டத்தில் விழுந்தால் பார்ப்பவர் யார்? டப்பாகிளைபுளோசின் வகை மாத்திரை உண்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் உண்டு. சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இது நேரலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மலையிறங்கத் தாமதிக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முட்டையையும் பயறையும் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் எடை குறையும்போது மாற்ற வேண்டி வரலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்க வீட்டிற்கு வரும் பணியாளரிடம் உங்கள் நோட்டைக் காட்டுங்கள். எத்தனை டம்ளர் அரிசியிலிருந்து எத்தனைக்கு வந்திருக்கிறீர்கள் என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குச் சொல்லி, மருந்தின் அளவை அவர் மாற்றி எழுதிய பிறகு டம்ளரைக் குறைக்கத் தொடங்குங்கள். தோட்டத்திற்குப் போகும்போது சட்டைப் பையில் நான்கு துண்டு வெல்லம் வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.